ஸ்டூல் மேல மரிக்கொழுந்து

நீ கேள்விப்பட்டது என்னையப் பத்தித்தான் தம்பி. ஜெபக்கனி டாக்டரம்மா ஒரு ஆளுக்கு மூக்குல ஆபரேசன் பண்ணி வாசனையே தெரியாம ஆக்கிவிட்டுட்டாகன்னு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில சொன்னாங்கன்னியே, அந்த ஆள் நான்தான். தவசிலிங்கம்னு பேரு. மேலத்தெருவுல மொளகா வத்தல் அரைக்கிற மில்லு வச்சிருக்கேன். மல்லியும் மஞ்சளும் அரைப்போம், ஆனா ஊருக்கு நான் வத்தமில்லுக்காரன்தான்.

எந்திரிக்காத, உக்காரு. இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. உன் பேரக் கூப்பிட நேரமாகும், என் பேரையும் இன்னும் கூப்பிடல. நான் சொல்றதக் கேட்டுக்க. அப்புறம் ஆபரேசன் வேணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்க.

அந்தம்மா பண்ணது சரியான ஆபரேசன். என் மூக்கு தெறந்துச்சு. வாசன வந்துச்சு. வந்தத நான் வெளிய சொல்லல, அம்புட்டுதான் விசயம்.

என்னடா இந்த ஆளு இப்படிப் பேசுறான்னு பாக்குற. பாரு, பாரு.

உனக்கு எங்க வலி? நெத்தியிலயா? குனிஞ்சா மூஞ்சியே கழண்டு விழுற மாதிரி கனக்குமா? எனக்கும் அப்படித்தான். கன்னத்துல வலிக்குதுன்னு பல்லு டாக்டர்கிட்டப் போனேன், மேல்பல்லப் பிடுங்கிட்டாரு. நல்ல பல்லு அது. இப்பவும் கறி மெல்லும்போது அவர நெனச்சுக்குவேன். நெத்தி வலிக்குதுன்னு கண்ணாடி போட்டுப் பாத்தேன். நொச்சி எலையப் போட்டு ஆவி பிடிச்சேன். ஒருத்தர் மூக்குல ஊத்தச் சொல்லி ஒரு எண்ணெய் குடுத்தாரு, அத ஊத்திக்கிட்டு எரிச்சல்ல தெருத்தெருவா ஓடுனேன். அவரு அந்தப் பக்கம் இப்பவும் கட போட்டிருக்காரு, போயிராத.

வாசன எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது. ஒரு நாள் மில்லுல குண்டு வத்தல் ஓடிக்கிட்டு இருக்கு, அரைக்க வந்த பொம்பளைக எல்லாம் தும்மிக்கிட்டு முந்தானையால மூஞ்சியப் பொத்திக்கிட்டுத் தெருவுக்கு ஓடுறாக. நான் மட்டும் மிசின் வாய்கிட்ட நின்னு வத்தலத் தள்ளிவிட்டுக்கிட்டு இருக்கேன். அப்பத்தான் தெரிஞ்சது, எனக்கு ஒண்ணுமே ஏறலன்னு. தொழிலுக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன். சோத்துல ருசியில்ல, சரி. ருசியில்லாட்டியும் வயிறு நெறயும்ல.

இங்க வந்தப்ப டாக்டரம்மா ஒரு சின்ன டியூப்ப மூக்குக்குள்ள விட்டாக. முன்னாடி ஒரு டிவி இருக்கும், அதுல நம்ம மூக்கு நமக்கே தெரியும். உள்ள பூரா சதை. தோல உரிச்ச திராச்சப்பழம் கொத்துக் கொத்தாத் தொங்குற மாதிரி இருந்துச்சு. ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்லி, அத வெளிச்சத்துல வச்சுக் காட்டுனாக. “அய்யா, கன்னத்துக்குள்ள, நெத்திக்குள்ள எல்லாம் காத்து இருக்கற ரூம் மாதிரி எடம் இருக்கு. காத்து இருந்தா இதுல கறுப்பாத் தெரியணும். உங்களுக்கு எல்லா ரூமும் அடச்சுக் கெடக்கு”ன்னாக. கதவ அடச்சது அந்தச் சதைதான், அத எடுத்துட்டா சீழு வடிஞ்சிரும், வலி போயிரும், வாசனையும் வரலாம்னு சொன்னாக. பொறுமையாத்தான் சொன்னாக. நான் பெறகு வாரேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஏன்னா அப்ப வீட்ல சீனித்தாய் படுத்திருந்தா. என் வீட்டுக்காரி. மார்ல கட்டி. எத்தன மாசமா மறச்சு வச்சிருந்தாளோ, யாருகிட்டயும் சொல்லல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனப்ப, இனிமே வலி தெரியாம வீட்ல வச்சுப் பாத்துக்கங்கன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. கொஞ்ச நாள்ல கட்டி ஒடஞ்சு புண்ணாயிருச்சு.

அந்தப் புண்ணு நாறும் தம்பி. எல்லாரும் சொன்னாங்க, எனக்கு எப்படித் தெரியும்? மக திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு, ஓடியாந்துச்சு. பாசமான புள்ளதான். கட்டப் பிரிச்சதும் சால்வையால மூக்கப் பொத்திருச்சு. அது தப்பில்ல, கை தன்னாலதானே போகும்? ஆனா சீனித்தாய் அதப் பாத்துட்டா. “புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், நீ கெளம்பு”ன்னு மறுநாளே அனுப்பி வச்சுட்டா. என் மச்சினன் சோலைராஜு வந்தா நெலப்படியத் தாண்ட மாட்டான், அங்கன நின்னே “எக்கா, எப்பிடி இருக்க”ம்பான். பக்கத்து வீட்டுக்காரம்மா நல்ல மனசு, நேரங்கெட்ட நேரத்துல எல்லாம் சாம்பிராணி போட்டுத் தெருவையே பொகையாக்கிரும். அந்தப் பொக வந்தாலே இவ செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா.

நான் ஒருத்தன்தான் கட்டு மாத்துவேன். வேற யாரையும் விட மாட்டா. வீட்டுக்கு வந்து பாக்கற நர்சம்மாவக்கூட மருந்தக் குடுத்துட்டுப் போகச் சொல்லிருவா. நான் கட்டிலுகிட்ட ஸ்டூலப் போட்டு உக்காந்து, உப்புத் தண்ணியில கழுவி, மாத்திரையப் பொடிச்சுத் தூவி, காடாத்துணி வச்சுக் கட்டுவேன். அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பா. அந்த வீட்ல அப்பத்தான் அவ பேசுற சத்தமே கேக்கும். சோறும் நான் பக்கத்துல உக்காந்து திங்கும்போதுதான் திம்பா. “இவருகிட்டதான் எனக்குக் கூச்சமில்ல, இவருக்குத்தான் மூக்கே கெடையாதே”ன்னு வாரவககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பா.

ஊர்ல என்னையப் பெருமையாச் சொன்னாங்க. தவசிலிங்கம் மாதிரிப் புருசன் கெடைக்கணுமேன்னு. நான் அப்பயே சொல்லிட்டேன், அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா, எனக்கு மூக்கு வேல செய்யல, செஞ்சா நானும் உங்கள மாதிரி வாசல்லதான் நிப்பேன்னு. உள்ளதச் சொல்லணும்ல.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் காலையில எந்திரிச்சா வலது கண்ணத் தெறக்க முடியல. வீங்கி, செவந்து, புடைச்சுக்கிட்டு நிக்கிது. சோலைராஜு பைக்குல வச்சு இங்க கூட்டிட்டு வந்தான். டாக்டரம்மா பாத்ததும் சத்தம் போட்டாக. சீழு கண்ணுப் பக்கம் எறங்குது, இனிமே நீங்க பெறகு வாரேன்னு சொல்ல முடியாது, பார்வை போயிரும், படுங்கன்னாக.

வீட்ல போய்ச் சொல்லிட்டு வாரேன்னு வந்தேன். சீனித்தாய் என் கண்ணத் தொட்டுப் பாத்தா. “போய்ப் பண்ணிட்டு வாங்க. உங்க கண்ணு போச்சுன்னா என்னைய யாரு பாப்பா”ன்னா. நான் துணிமணிய எடுத்து வச்சுக்கிட்டு இருக்கேன். அப்பக் கேட்டா, “ஏங்க, ஆபரேசன் பண்ணா வாசன வந்துருமா?”

வரும்னு சொல்றாங்கன்னேன். யோசிக்காமச் சொல்லிட்டேன். அவ செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. நானும் பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

ஆபரேசன் ஒண்ணுமே தெரியாது தம்பி, அதுக்குப் பயப்படாத. மயக்க மருந்து குடுத்துருவாங்க. வெளிய கத்தி படாது, எல்லாம் மூக்கு ஓட்ட வழியாத்தான். முழிக்கும்போது மூக்குல பஞ்சடச்சு வச்சிருப்பாங்க, வாயாலதான் மூச்சு. எனக்கு அது பழக்கம்தான். பஞ்ச உருவும்போது மட்டும் பல்லக் கடிச்சுக்க. உள்ள இருந்து இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்கும், இம்புட்டு எப்படி வச்சாங்கன்னு இருக்கும். அப்புறம் தெனமும் உப்புத் தண்ணிய ஒரு மூக்குல விட்டு மறு மூக்குல வெளிய விடணும். பொருக்கு பொருக்கா வரும். பயந்துராத, வரணும்.

வீட்டுக்கு வந்தேன். சோலைராஜு பொண்டாட்டி பாத்துக்கிட்டாளாம், பாத்துக்கிட்ட லட்சணம் கட்டுலயே தெரிஞ்சது. சீனித்தாய் எப்பிடி இருக்கீங்க, வலிக்குதான்னு ஒண்ணும் கேக்கல. “தெரியுதா”ன்னு மட்டும் கேட்டா. எனக்கு உள்ள பூரா பொருக்கு அடச்சிருக்கு, ஒண்ணும் தெரியலன்னேன். நெசம்தான் அது. அவளுக்கு மூஞ்சி தெளிஞ்சிருச்சு. அன்னைக்கு இட்லிய மறுபடி கேட்டு வாங்கித் தின்னா. அதப் பாத்தப்ப மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். வாசன வந்தாலும் வரலன்னுதான் சொல்லணும்.

வந்துச்சு. ஒரு நாள் கொல்லப்பக்கம் நின்னு மூக்கு கழுவுறேன், நீளமா ஒரு பொருக்கு வந்து விழுந்துச்சு. மூச்சு சல்லுன்னு மேல ஏறுது. எத்தன வருசங்கழிச்சு. மொதல்ல சோப்பு வாசன. பக்கத்து வீட்டுல யாரோ பூண்டு வதக்குறாங்க. சும்மா நின்னு மோந்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் உள்ள வந்தா, எலி செத்த நாத்தம்.

எலி செத்துக் கெடக்குன்னுதான் தம்பி நெனச்சேன். மில்லு வீடு, எலிக்குப் பஞ்சமா. மூட்டையெல்லாம் பொரட்டிப் பாத்தேன். பீரோவுக்குப் பின்னாடி பாத்தேன். மோப்பம் பிடிச்சுக்கிட்டே வந்து, அவ கட்டிலுக்கு அடியில தலையக் குனிஞ்சு பாக்குறேன். பெருக்கித் தொடச்சுச் சுத்தமாக் கெடக்கு. தலையத் தூக்குனா அவ என்னையப் பாத்துக்கிட்டு இருக்கா.

“என்ன தேடுறீங்க?”ன்னா.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. சட்டுன்னு, “செருப்பத் தேடுறேன்”னேன். நல்லவேள, வாயில வந்துச்சு. அவளும் சரின்னு விட்டுட்டா. கொஞ்சமும் சந்தேகப்படல.

அன்னைக்கு சாயங்காலம் அவளுக்கு ஒரு ஆச வந்துச்சு. “ஏங்க, பூக்காரிகிட்ட மரிக்கொழுந்து ஒரு கட்டு வாங்கிட்டு வாரீங்களா?”ன்னா. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. கல்யாணமான நாள்ல இருந்து மரிக்கொழுந்துன்னா அவளுக்கு ஆகாது. தலவலி வந்துரும்பா. கோயில்ல பக்கத்துல நிக்கிற பொம்பள வச்சிருந்தாக்கூட தள்ளிப் போய் நிப்பா. சரி, படுத்துக் கெடக்கறவ, வாய்விட்டுக் கேக்கறான்னு ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். தலமாட்டுல வைக்கப் போனா, “இங்க வேண்டாம், எனக்குத் தலவலிக்கும். நீங்க உக்கார்ற ஸ்டூல் மேல வைங்க”ன்னா. மறுநாளும் கேட்டா. அப்புறம் தெனம் கேட்டா. நோவாளி ஆசைக்கு அர்த்தம் கண்டுபிடிக்க முடியுமா? ஸ்டூல்ல ஒரு ஓரத்துல மரிக்கொழுந்து, மறு ஓரத்துல நான், அப்படி உக்காந்துதான் கட்டு மாத்துவேன்.

மொதக் கொஞ்ச நாளு கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல. கட்டு மாத்திட்டுக் கொல்லைக்குப் போய்க் கொழாயத் தெறந்துவிட்டுட்டு வாந்தி எடுப்பேன், தண்ணிச் சத்தத்துல கேக்காதுல. அப்புறம் வாயாலயே மூச்சு விடப் பழகிட்டேன். அப்புறம் ஒண்ணுமில்ல. எல்லாம் மரத்துப்போயிரும் தம்பி. மூக்கு மரத்துப்போகும், அப்புறம் மத்ததும்.

ஒரு நாள் பால அடுப்புல வச்சுட்டு அவகிட்ட உக்காந்திருந்தேன். பொங்கி, தீஞ்சு, நல்லாக் கருகுது. எனக்குத் தெரியுது. எந்திரிச்சா மாட்டிக்குவேன். அவ என்னையவே பாக்கறா. நான் செல போல உக்காந்திருக்கேன். ரொம்ப நேரங்கழிச்சு அவதான், “பால் கருகுதுங்க, போய் அணைங்க”ன்னா. அடியாத்தி, எனக்குத் தெரியவே இல்லையேன்னு எந்திரிச்சேன். என் கையப் பிடிச்சுத் தடவிக் குடுத்தா. பால் வீணாப் போச்சேன்னு வருத்தம் போல. நடிப்புல நான் பாஸ்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் பேச்சு கொறஞ்சுபோச்சு. கட்டு மாத்தும்போது கண்ண மூடிக்குவா. “வெரசா முடிச்சுட்டு மில்லுக்குப் போங்க, மில்லு கெடக்குல்ல”ம்பா. முன்னாடியெல்லாம் எந்திரிக்கவே விட மாட்டா. நோவு முத்துனா அப்படித்தான் ஆகும்னு நர்சம்மா சொன்னாக.

இங்க மறு செக்கப்புக்கு வந்தப்பதான் சிக்கல். சோலைராஜும் கூட வந்தான். டாக்டரம்மா கண்ண மூடச் சொல்லிட்டு, மூக்குகிட்டக் காப்பித்தூளக் காட்டுனாக. “என்ன தெரியுது?” ஒண்ணும் தெரியலம்மா. கிராம்பக் காட்டுனாக, தெரியலம்மா. எலுமிச்சம்பழத் தோலக் கிள்ளி வச்சாக, அதும் தெரியலன்னேன். எல்லாம் நல்லாத் தெரிஞ்சது தம்பி. காப்பித்தூளு வாசனைக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மருந்து எரியுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அந்தம்மா மறுபடி டியூப்ப விட்டுப் பாத்தாக. “வழியெல்லாம் சுத்தமா இருக்கே, சதையே இல்லையே, ஏன் வரல?”ன்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டாக. மூஞ்சி சுண்டிப்போச்சு.

சோலைராஜு பேசாம இருந்திருக்கலாம். இருக்கற நோயாளிக முன்னாடி, “எங்க அத்தான் மூக்கக் கெடுத்துட்டீங்கள்ல”ன்னு சத்தம் போட்டுட்டான். அங்கிருந்து டீக்கடைக்குப் போயிருச்சு. அதான் உன் காதுக்கு வந்தது. அந்தம்மாவத் தனியாப் பாத்து உண்மையச் சொல்லியிருக்கலாமேன்னு நீ நெனப்ப. எங்க வீட்டுக்கு வார நர்சம்மா இதே ஆஸ்பத்திரிதான், எங்க தெருவுலதான் குடியிருக்கு. இங்க தும்முனா அங்க கேக்கும். சீனித்தாய்க்குத் தெரிஞ்சா அவ என்னையும் வெளிய அனுப்பிருவா. அப்புறம் அவளுக்கு யாரு? அந்தம்மாவுக்கு ஆயிரம் நோயாளி இருக்காங்க. அதான் சொல்லல. இப்பவும் அது தப்புன்னு எனக்குப் படல.

மாசி மாசம் கோயில் பொங்கலுக்கு முன்னாடி சீனித்தாய் போயிட்டா. ஸ்டூல்ல உக்காந்து கட்டு மாத்திக்கிட்டு இருந்தேன், கட்டி முடிக்கல, போயிட்டா. மிச்சத்தக் கட்டி முடிச்சுட்டுத்தான் ஆளுகளக் கூப்பிட்டேன். வந்தவங்க எல்லாரும் துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு நின்னாங்க. நான் பொத்தல. குடுத்து வச்சவன்யா, மூக்கு இல்லாதவன்னு யாரோ சொன்னாங்க. எனக்கு அழுகையும் வரல. மக அழுதுச்சு, சோலைராஜு தரையில உருண்டான். நான் கொட்டகை போட வந்தவனுக்கு வழி சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் மில்லுக்குப் போனேன். மூக்கு கழுவல. அடிக்கச் சொன்ன மருந்த அடிக்கல. ஏன்னு தெரியல, அடிக்கல. வத்தத் தூசி சும்மா இருக்குமா, சதை மறுபடி வளந்துருச்சு. இப்ப நெசமாவே ஒண்ணும் தெரியல. டாக்டரம்மா போன வாரம் பாத்துட்டு, “அய்யா, இன்னொரு தடவ பண்ணிப் பாப்போம். போன தடவ உங்களுக்கு வரல, அது எனக்கு மனசுலயே கெடக்கு”ன்னாக. அந்தம்மா இன்னும் அத நெனச்சுக்கிட்டு இருக்கு பாரு. அதான் இன்னைக்கு உள்ள போனதும் சொல்லிரப் போறேன். இனி சொன்னா என்ன, கேக்கறதுக்கு வீட்ல யாரு இருக்கா? ஆபரேசன் மட்டும் எனக்கு வேண்டாம். இனிமே மோந்து பாத்து என்ன ஆகப்போகுது. உனக்குப் பெயிண்ட் அடிக்கிற வேல, வயசுப்பய, நீ பண்ணிக்க. அம்மா கை நல்ல கை.

மரிக்கொழுந்து இப்பவும் தெனம் வாங்குறேன். மக வந்தப்ப, போட்டோவுக்குப் போடுங்கப்பான்னுச்சு. அது எப்படிப் போடுறது, அவளுக்குத் தலவலிக்கும்ல? அவ சொன்ன மாதிரி அந்த ஸ்டூல் மேலதான் வைக்கிறேன். எதுக்காக அத அங்க வைக்கச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறுதல் தம்பி. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

என் பேரக் கூப்பிடுறாங்க. வாரேன்.

என்ன தம்பி, கண்ணுல தண்ணி வடியுது? தொடச்சுக்க. சைனஸுன்னா அப்படித்தான், கண்ணையும் சேத்து இழுக்கும். உள்ள போனதும் அதையும் டாக்டரம்மாகிட்ட மறக்காமச் சொல்லு.